எங்கே வேலை பார்க்கிறாய்?

அரியர் வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்ததும் நம் வாயில் வருவது, "ஏன் ஒழுங்காப் படிக்கல?" என்ற கேள்விதான். திருநெல்வேலியில், பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ படிக்கும் பிள்ளை என்றால் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். "எங்கே வேலை பார்க்கிறாய்?"

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை, ஜங்ஷன் பக்கம் ஓட்டல், மொபைல் கடை, பெட்ரோல் பங்கில் ராத்திரி டியூட்டி, முகூர்த்த நாளில் கேட்டரிங். கல்லூரி விட்டு மூன்று மணிக்குக் கடையில் ஏறினால் ஷட்டர் இறக்க இரவு பத்து ஆகும். கைச்செலவுக்காகப் பார்க்கும் வேலை இல்லை இது. வீட்டு வாடகையும் தங்கச்சி ஃபீஸும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன.

பெண் பிள்ளைகளின் வேலை வெளியே தெரிவதே இல்லை. ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு உண்டு. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் வீட்டில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். ஊறவைத்த இலையை ஈரத்துணியிலிருந்து எடுத்து, தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி, தலையை மடக்கி நூலைச் சுற்றுகிறாள். எதிரே சுவரில் சாய்த்த புத்தகம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவும் மகளும் சேர்ந்துதான் அந்த ஆயிரத்தை எட்ட முடியும்.

"கை அதுபாட்டுக்குச் சுத்தும் சார். கண்ணு புஸ்தகத்துல இருக்கும். தியரி எல்லாம் இப்படியே படிச்சிருவேன். அக்கவுண்ட்ஸ்தான் முடியல. கணக்குப் போட்டுப் பாக்கக் கையும் வேணும்லா?"

அவள் மதிப்பெண் பட்டியலை எடுத்துக் காட்டினாள். தியரி பேப்பர் எல்லாம் பாஸ். கணக்குப் பாடம் இரண்டிலும் அரியர். கூலிக்குக் கொடுத்துவிட்ட கைகளால் போட முடியாமல் போன கணக்குகள் அவை. இதைப் படிப்பில் நாட்டமில்லை என்று எழுதிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நம் கலைக்கல்லூரிகளில் வாரத்துக்கு முப்பது மணி நேர வகுப்பு. பருவத்துக்கு இத்தனை தாள் என்று போட்டுவிட்டால் அத்தனையும் எழுதியாக வேண்டும். 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வுக்கு முன் அபராதம். ஒருநாள் லீவு போட்டால் கடையில் சம்பளம் போகும், அதே நாள் கல்லூரிக்கு வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போகும். அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் வேலைக்குப் போகிறவர் ஒரு பருவத்தில் இரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பட்டத்தை முடிக்கலாம். இங்கே பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள மாணவர் கையில் இருக்கும் ஒரே வழி அரியர்தான். வேறு ஊரில் உரிமையாக இருப்பதை இங்கே தோல்வி என்று அச்சடித்துக் கொடுக்கிறோம்.

தொலைநிலைக் கல்வி இருக்கிறதே என்பார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பெண்ணுக்கு வகுப்பறையும் சிநேகிதிகளும் பேருந்துப் பயணமும்கூடப் படிப்புதான். தபாலில் வரும் புத்தகம் அவளைப் பீடித்தட்டின் முன்னாலேயே உட்கார வைத்துவிடும். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் தொலைநிலையில் படிப்பவருக்குக் கிடையாது. நேரடிக் கல்லூரியில் படிப்பவருக்கு அந்த ஆயிரம் பெரிய உதவி. ஆனாலும் பீடித்தட்டை இறக்கி வைக்கும் அளவுக்கு அது போதவில்லை.

இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளைக்காரர். தோட்ட வேலையில் கைகொடுக்க வசதியாக இருக்கட்டும் என்றே அப்பா தன்னை வீட்டுக்கு அருகே, நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லி, "அவரால முடிஞ்சது, உன்னால முடியாதா?" என்று பிள்ளைகளைக் கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் உழைப்பு பெரிது. ஆனால் அதே காலத்தில் தோட்டத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் படிப்பை விட்டவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பகுதிநேர பி.இ. இருக்கிறது. டிப்ளமோ முடித்து வேலை பார்ப்பவர்கள் பகல் டியூட்டி முடிந்து மாலை வகுப்புக்கு வருகிறார்கள். பகலில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர் ஆறு பருவத்தில் முடிக்கும் பட்டத்தை இவர்கள் ஏழு பருவத்தில் முடிக்கிறார்கள். ஒரு பருவம் கூட, தாள்கள் கொஞ்சம் பரவலாக, அவ்வளவுதான் ஏற்பாடு. வேலை பார்ப்பவனும் மாணவன்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. பொறியாளருக்குச் செய்ததை பி.காம். படிக்கும் ஜவுளிக்கடைப் பையனுக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் செய்யக் கூடாதா? மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்ததே இந்தத் தென்கோடிப் பிள்ளைகளுக்காகத்தான். மூன்றாண்டுப் பட்டத்தை நான்கு ஆண்டில், அரியர் என்ற பெயரில்லாமல், முடிக்கும் வழியை அது திறந்துவிடலாம்.

அதுவரை கல்லூரிகளே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜவுளிக்கடைகளில் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாருக்கும் லீவு கிடையாது. இன்டர்னல் தேர்வும் அசைன்மெண்ட் கெடுவும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் வந்து விழுகின்றன. தேதி குறிக்கும் முன் துறைத்தலைவர்கள் வகுப்பில் ஒரு தாளைச் சுற்றவிட்டு, யார் யார் எங்கே, எத்தனை மணி வரை வேலை பார்க்கிறார்கள் என்று எழுதி வாங்கட்டும்.