எடைமேடைக்குத் தெரியாத தரம்

தமிழ்நாட்டில் சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்கு டன் கணக்கில் போகின்றன. எடைமேடையில் லாரி எவ்வளவு காட்டுகிறதோ, அதற்கேற்ப விவசாயிக்குப் பணம். ஒரே எடையுள்ள இரண்டு பாரங்களில் ஒன்று கூடுதல் கூழ் தரும், மற்றது குறைவாகத் தரும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் கன்று வாங்குகிறவரும் எவ்வளவு சீக்கிரம் பருக்கும் என்றுதான் கேட்கிறார். கோயம்புத்தூரில் மர மரபியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; தேர்ந்தெடுத்த சவுக்கு, தைலமர ரகங்களையும் வெளியிட்டு வருகிறது. இந்த உழைப்பு முழுப் பலன் தர வேண்டுமானால், வளர்ச்சிக்குக் கொடுக்கும் இடத்தை மரத்தின் உள்தரத்துக்கும் கொடுத்தாக வேண்டும்.

நியூசிலாந்து இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1950களில் அங்கே ரேடியாட்டா பைன் என்ற மரத்தில் தாய் மரங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது, நேராகவும் வேகமாகவும் வளர்ந்தவையே முன்னுரிமை பெற்றன. 30 ஆண்டுகளுக்குள்ளேயே மரம் வெட்டுக்கு வந்தது. ஆனால், தண்டின் நடுவைச் சுற்றிய முதல் சில வளையங்கள் இயல்பிலேயே வலுவற்றவை. அங்கே செல்சுவரின் செல்லுலோஸ் இழைகள் நெட்டாக ஓடாமல் சாய்வாகச் சுற்றியிருக்கும். அந்தப் பகுதியைப் பலகையாக அறுத்துக் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும். இளவயதில் வெட்டினால் இந்தப் பகுதியின் பங்கு கூடிவிடுகிறது. வேகமாகப் பருக்கும் வம்சங்களில் அடர்த்தி சற்றுக் குறையும் போக்கும் ஆய்வுகளில் தெரியவந்தது. நம்பிக்கை தரும் விஷயமும் இதே ஆய்வுகளில்தான் இருக்கிறது. தண்டின் பருமனை மண்ணும் மழையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. அடர்த்தியிலோ பெற்றோரின் பங்கு அதிகம். அதாவது, தரத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் பலன் நிச்சயம். வேகமும் அடர்த்தியும் ஒருசேர வாய்த்த மரங்கள் அரிதானாலும், தேடினால் கிடைக்கின்றன.

பலகையில் கேள்வி அடர்த்தியைப் பற்றியது என்றால், காகிதத்தில் அது லிக்னினைப் பற்றியது. இழைகளைப் பிணைத்துவைக்கும் இந்தப் பொருளைக் பெரும்பாலும் காரத்தில் வேகவைத்துப் பிரிக்கிறார்கள். லிக்னின் கூடக்கூட ரசாயனச் செலவும் கூடும். 2006இல் பாப்லர் மரத்தின் மரபணுத்தொகுப்பும் 2014இல் தைலமரத்தினுடையதும் வெளியானபின், லிக்னினை உருவாக்கும் மரபணுக்களை அடையாளம் காண்பது எளிதாகிவிட்டது. லிக்னின் குறைந்தால் மரம் நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. பெல்ஜியத்தில் மரபணு மாற்றத்தால் லிக்னின் குறைக்கப்பட்ட பாப்லர்களை வயலில் வளர்த்தபோது, மிக அதிகமாகக் குறைந்தவை வளர்ச்சியில் பின்தங்கின. வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய்களுக்கு லிக்னின் தரும் விறைப்பு வேண்டும். எனவே, மரபணுவை வெட்டித் திருத்துவதில் நமக்கு அவசரம் வேண்டாம். இயற்கையாகவே லிக்னின் சற்றுக் குறைந்த மரங்களை மரபணுக் குறியீடுகளால் நாற்றிலேயே இனங்கண்டால் போதும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒரே குளோனை, அதாவது ஒரே மரத்தின் நகல்களை, ஊரெங்கும் நட்டால், வந்த நோயோ பூச்சியோ எல்லாவற்றையும் தாக்கும். 2000களில் கணுக்குளவி என்ற பூச்சி தென்னிந்தியத் தைலமரத் தோட்டங்களில் செய்த சேதம் நமக்குத் தெரியும். தேர்வில் ஒவ்வோர் அளவுகோலைக் கூட்டும்போதும் தேறும் மரங்கள் குறையும் என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே, தாய் மரங்களின் சேகரிப்பை முதலில் விரிவாக்க வேண்டும். ஒரு தோட்டத்துக்குப் பல குளோன்களைக் கலந்தே கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, விலை மட்டும் பழைய எடைக்கணக்கிலேயே இருந்தால், நல்ல மரம் வளர்த்த விவசாயிக்கு ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கிடைக்காது. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு மரத்தூளிலேயே லிக்னின் அளவை மதிப்பிடும் கருவிகள் வந்துவிட்டன. ஆலைகள் பாரத்துக்கு ஒரு மாதிரி எடுத்து, ஈரம் நீக்கிய எடைக்கும் கூழ் அளவுக்கும் சேர்த்து விலை கொடுக்கத் தொடங்கட்டும்.