பள்ளித் தளத்தின் சாவி யாரிடம்?

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு இன்று சொந்த இணையத்தளம் இருக்கின்றது. பள்ளி வரலாறு, தலைமையாசிரியர்களின் வரிசை, விளையாட்டுப் போட்டி நிழற்படங்கள், மாணவர் எழுதிய கதைகள், கட்டுரைகள் என ஆண்டாண்டாகச் சேர்த்த செல்வம் அங்கே இருக்கின்றது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், அந்தத் தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கின்றது? அதன் டி.என்.எஸ். அமைப்புகளை மாற்றும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கின்றது? இவ்வாறு வினவினால் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது. இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை தெரியாத பள்ளி, தன் தளத்தின் உரிமையாளர் அன்று. வாடகைக்குக் குடியிருப்பவர் என்றே நான் சொல்வேன்.

"இது கணினித் துறையினர் பார்க்க வேண்டிய வேலை. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதில் என்ன இருக்கின்றது?" என்று சிலர் எண்ணக்கூடும். அன்புகூர்ந்து பொறுமையோடு படியுங்கள்.

ஓர் இணையத்தளம் என்பது மூன்று கூறுகளால் ஆனது. முதலாவது, பெயர். டொமைன் எனப்படும் களப்பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்கிறோம். மலேசியாவின் '.மை' பெயர்களை மைநிக் நிறுவனமும், சிங்கப்பூரின் '.எஸ்ஜி' பெயர்களை எஸ்ஜிநிக் நிறுவனமும் நிருவகிக்கின்றன. சிங்கப்பூருக்கு 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே ஓர் இணையப் பெயர் கிடைத்ததும் நாம் பெருமைப்படத்தக்கது. இரண்டாவது, இடம். நம் பக்கங்களும் படங்களும் தங்கியிருக்கும் கணினியில் ஹோஸ்டிங் கணக்கு வழியாக வாடகைக்குப் பெறும் இடம் அது. மூன்றாவது, பெயரைத் தேடி வருபவருக்கு இடத்தைக் காட்டும் குறிப்பு. இதுவே டி.என்.எஸ்.

நம் தோட்டப்புறப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பள்ளிகள் சிலவும் அவர்களைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தன. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத நகர்ப்புறத்தில் நின்றாலும், பள்ளியின் பெயரில் இன்னும் அந்தத் தோட்டத்தின் பெயர் வாழ்கின்றது. இடம் மாறியது, பெயர் மாறவில்லை. டி.என்.எஸ். நமக்குத் தரும் வாய்ப்பும் இதுவேதான்.

இணையத்தின் தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு எல்லாருக்கும் படியெடுத்துத் தரப்பட்டன. கணினிகள் பெருகியதும் அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். அன்று முதல், ஒவ்வொரு களப்பெயரின் குறிப்புகளையும் அதன் உரிமையாளரே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அந்த உரிமையைத்தான் நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து டி.என்.எஸ். பகுதிக்குச் சென்றால் அச்சமூட்டும் சொற்கள் சில தென்படும். உண்மையில் அவை எளியவை.

1. நேம்சர்வர்: நம் பெயருக்கான குறிப்பேடு யாரிடம் இருக்கின்றது என்பதைச் சொல்வது. இது வேறு நிறுவனத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், நம் ஹோஸ்டிங் கணக்கில் என்ன மாற்றினாலும் பயனில்லை. "மாற்றிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லையே" என்று தவிப்போர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2. ஏ பதிவு: பெயரை ஐ.பி. எண்ணோடு இணைப்பது. தளம் புதிய இடத்துக்கு மாறினால் இந்த எண்ணை மாற்ற வேண்டும்.

3. சி-நேம் பதிவு: ஒரு பெயரை இன்னொரு பெயரிடம் அனுப்புவது.

4. எம்.எக்ஸ். பதிவு: மின்னஞ்சல் எங்கே சென்று சேர வேண்டும் என்பதைச் சொல்வது. தளத்தை இடம் மாற்றுவோர் இதை மறந்துவிட்டால், தளம் நன்றாக இயங்கும். பள்ளிக்கு வரும் மின்னஞ்சல் மட்டும் நின்றுபோகும்.

5. டெக்ஸ்ட் பதிவு: களப்பெயர் நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்கவும், நம் பெயரில் பிறர் போலி மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்கவும் உதவுவது.

6. டி.டி.எல்.: ஒரு குறிப்பைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை நொடிக்கணக்கில் சொல்வது. 14400 என்றால் 4 மணி நேரம். இட மாற்றத்துக்கு முதல் நாளே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால், மாற்றம் ஏறத்தாழ 5 நிமிடத்தில் பெரும்பாலோரைச் சென்றடையும். நேம்சர்வரையே மாற்றினால் இரண்டு நாள்வரை பொறுத்திருக்க நேரலாம்.

நான்காம் ஆண்டு மாணவருக்கு வாக்கிய வகைகளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்த ஆறும் மலையன்று.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? நான் அறிந்த ஒரு பள்ளியின் களப்பெயரை, தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் சொந்தப் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். ஒப்பந்தம் முடிந்தபின் பள்ளியால் ஒரே ஒரு பதிவைக்கூட மாற்ற இயலவில்லை. இறுதியில் புதிய பெயர் வாங்க வேண்டியதாயிற்று. பள்ளி மலரிலும் அறிவிப்புப் பலகையிலும் அச்சிட்ட பழைய முகவரி எங்கும் செல்லாத முகவரியாகிவிட்டது.

களப்பெயர் காலாவதியாவது இதனினும் கொடியது. '.காம்' பெயர் ஒன்று புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதன்பின் 5 நாள் கழித்து அப்பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பெயர்களைக் காத்திருந்து வாங்கிச் சூதாட்டப் பக்கங்களை ஏற்றுவோர் உலகெங்கும் உள்ளனர். நம் பிள்ளைகளின் கட்டுரைகள் இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்தால், பெற்றோரிடம் நாம் என்ன சொல்வது?

"முகநூல் பக்கம் இருக்கின்றதே, அது போதாதா?" என்று கேட்பவரும் உண்டு. செய்தியைப் பரப்ப முகநூல் நல்ல கருவி. ஆனால், அம்முகவரி நமதன்று. யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் இலவசத் தளங்களை மூடியபோது, அவற்றின் முகவரிகளும் உடன் மறைந்தன. உள்ளடக்கத்தைப் படியெடுத்து வைத்தவர்கள்கூட முகவரியைக் காப்பாற்ற இயலவில்லை. சொந்தக் களப்பெயர் உள்ளவருக்கோ, ஹோஸ்டிங் நிறுவனமே மூடப்பட்டாலும் வேறிடம் பிடித்துப் பதிவை மாற்றினால் போதும். படியெடுத்து வைத்தவை அனைத்தையும் பழைய முகவரியிலேயே மீண்டும் காட்டலாம்.

ஆகவே, பள்ளிகள் செய்ய வேண்டியவை என்று நான் கருதுபவை இவை:

அ) களப்பெயரின் பதிவுரிமையாளர் பள்ளியாகவோ பெற்றோர் ஆசிரியர் சங்கமாகவோ இருக்கட்டும். தனியார் பெயரில் இருந்தால், நல்லுறவு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆ) கணக்குக்குரிய மின்னஞ்சல் ஒரு தனியாளுடையதாக இருக்கக்கூடாது. அதே களப்பெயரில் அமைந்த மின்னஞ்சலாகவும் இருக்கக்கூடாது. பெயர் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் முடங்கும். கணக்கை மீட்க வழியிராது.

இ) குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கைக் கையாளத் தெரிந்திருக்கட்டும். இருபடிச் சரிபார்ப்பு ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால், அவர் மாற்றலாகிப் போனதும் கதவு அடைபடும். மீட்புக் குறியீடுகளை உறையிலிட்டு அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள்.

ஈ) டி.என்.எஸ். பதிவுகள் அனைத்தையும் படியெடுத்துக் கோப்பில் வையுங்கள். நேம்சர்வரை மாற்றும் முன்னர் இந்தப் படி கையில் இருப்பது கட்டாயம்.

உ) ஆண்டுக் கட்டணத்தைச் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகச் சேருங்கள். இயன்றால் பல ஆண்டுகளுக்கு ஒருசேரப் புதுப்பியுங்கள்.

நூலகத்தின் சாவியையும் அறிவியல் கூடத்தின் சாவியையும் ஒப்படைக்காமல் எந்த ஆசிரியரும் மாற்றலாகிப் போவதில்லை. இணையத்தளத்தின் சாவி மட்டும் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பள்ளிப் பதிவேடுகளைப் பேணுவது எப்படி என்று கற்றுத் தந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் போல் இதுவும் ஒரு பதிவேடுதான். பேண வேண்டியவர்கள் நாம்தான்.

பெற்றோர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து இரண்டு வினாக்கள் மட்டும் கேளுங்கள். பெயர் யாருடைய பெயரில்? சாவி யாரிடம்? விடை உடனே வந்தால், அந்த ஆசிரியர்களை மனமாரப் பாராட்டுங்கள். வராவிட்டால், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஒரு திங்களுக்குள் விடை கொண்டுவர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.