காலில் ஆறாத கட்டியா? வெட்டிய துண்டை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்



காலிலோ பாதத்திலோ ஒரு சிறு கட்டி. நோவு இல்லை. செருப்பு உரசினால் இரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், மறுபடி கசியும். தேயிலை மலையில் நிற்பவர் அட்டைக் கடி ஆறவில்லை என்பார். வன்னியிலிருந்து வந்தவர் ஷெல் துண்டு உள்ளே கிடக்கிறது என்பார். பக்கத்து வீட்டு அக்கா பாலுண்ணி என்று சொல்லிச் சுண்ணாம்பு வைத்துவிடுவார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இராது. ஆனால் மிக அரிதாக, அது வியர்வைச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோயாக இருக்கக்கூடும்.

எமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் தோலின் மேற்பரப்புக்கு வருகிறது. அந்தக் குழாயின் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே போரோகார்சினோமா. 1963இல் பிங்கஸ், மெஹ்ரிகன் என்ற வைத்தியர்கள் இதை முதலில் விபரித்தார்கள். இந்தப் பெயர் 1969இல் வந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது, அதிலும் கால்களில். சிலருக்குப் பல வருடம் சும்மா கிடந்த சாதாரணக் கட்டியே திடீரென வளர்ந்து, புண்ணாகி, இரத்தம் கசியத் தொடங்கும். ஆகவே “பத்து வருசமாய் இருக்குது, ஒன்றும் செய்யவில்லை” என்பது ஆறுதலுக்குரிய பேச்சு அல்ல. முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள தோல் வைத்திய நிபுணருக்கும் முடியாது, ஏனென்றால் மருவும் இப்படித்தான் இருக்கும், வேறு புற்றுநோய்களும் இப்படித்தான் இருக்கும். பயொப்சி ஒன்றே வழி. விறைப்பு ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே துண்டை மெழுகில் பதித்து, தலைமயிரை விட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கலங்களுக்கு நடுவே வியர்வைக் குழாய் போன்ற நுண்ணிய துளைகள் தெரிகின்றனவா என்று நோயியல் நிபுணர் தேடுவார்.

எமது கவலையெல்லாம் இங்கேதான். சிறு கட்டி என்று எங்கேயாவது சுட்டோ வெட்டியோ எடுத்துவிட்டு, துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால், அது என்னவென்று அறியும் வாய்ப்பும் கூடவே போய்விடும். யார் வெட்டினாலும் “துண்டைப் பயொப்சிக்கு அனுப்புங்கள்” என்று கேளுங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பயொப்சி என்ற சொல் மூன்று மொழிக்காரருக்கும் விளங்கும்.

கண்டிப் பகுதியில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. கண்டியிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மஹரகமவுக்குப் போய் எங்கே தங்குவது என்று நினைத்து ஆரம்பத்திலேயே பின்வாங்க வேண்டாம்.

முடிவு வந்தபின் மார்பையும் பரிசோதிப்பார்கள். காலில் கட்டிக்கு மார்பை ஏன் பார்க்கிறார்கள் என்று கூச்சமும் கோபமும் வரும். காரணம் இருக்கிறது. பால் சுரக்கும் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மார்பிலிருந்து தோலுக்குப் பரவிய புற்றுநோயும் நுணுக்குக்காட்டியில் சிலவேளை இதுபோலவே தோன்றும். கட்டி தோலிலேயே தொடங்கியதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று அறிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம். பரிசோதனையின்போது தாதி ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள்.

ஸ்கான் எடுக்கவும் சொல்லக்கூடும். உடம்பில் ஷெல் துண்டோ குண்டுச் சன்னமோ இருப்பவர்கள் அதைக் கட்டாயம் முதலே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம். உள்ளே கிடக்கும் இரும்பை அது அசைத்துவிடலாம். பழைய காயத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லாவிட்டாலும், “உடம்பில் இரும்பு இருக்கிறது” என்ற அளவு போதும், எப்படி வந்தது என்ற கதை தேவையில்லை.

பிரதான சிகிச்சை சத்திரசிகிச்சைதான். கட்டியை மட்டுமல்ல, சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஓர் ஓரம் சேர்த்து வெட்டுவார்கள். அந்த ஓரத்தில் நோய் எஞ்சியிருந்தால் மறுபடி வெட்ட நேரிடும். பாதத்தில் என்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம், சில வாரம் கால் ஊன்ற முடியாது. பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அரையில் நெறி கட்டியிருந்தால் அதையும் சோதிப்பார்கள். தேவையைப் பொறுத்துக் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. 2001இல் வெளியான, 69 பேரைப் பற்றிய ஆய்வொன்றில், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் வந்தது, 19 பேருக்கு நெறிக்குப் பரவியிருந்தது. அதாவது பெரும்பாலானோருக்கு அப்படி நடக்கவில்லை. ஆனாலும் தையல் வெட்டியதும் கிளினிக்கை நிறுத்திவிடக் கூடாது.

எரிகாயத் தழும்பு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தழும்பில் பல வருடங்களுக்குப் பிறகு ஆறாத புண் வந்தால் அது வேறுவகைப் புற்றுநோயாக மாறக்கூடும். 1828லேயே மார்ஜோலின் என்ற பிரெஞ்சு வைத்தியர் தழும்புகளில் வரும் இத்தகைய புண்களைப் பற்றி எழுதினார். அதற்கும் பயொப்சிதான் வழி. ஒரு மாதமாகியும் ஆறாத புண் எதுவென்றாலும் காட்டுங்கள்.

பயொப்சி ரிப்போர்ட்டில் ஒரு பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். இடம் மாறிப் போகவேண்டி வந்தால், அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.