ஸ்குவாஷ் மட்டை யார் கைக்கு?

கடந்த டிசம்பர் 14 அன்று சென்னையில் ஸ்குவாஷ் உலகக் கோப்பையை இந்திய அணி முதன்முறையாக வென்றது. பெரிய வணிக வளாகம் ஒன்றுக்குள் கண்ணாடிச் சுவர்களால் ஆடுகளம் அமைத்திருந்தார்கள். இறுதிப் போட்டியில் ஹாங்காங் அணியை 3-0 என்று வீழ்த்தினார்கள். ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங் ஆகிய நால்வர் கொண்ட அணியில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். கோப்பைக்கு முன்னால் இருந்த பெயரும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பெயர்தான். அதாவது, நம் வரிப்பணத்துக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு.

அந்த வாரத்தில் கூட்டேரிப்பட்டு சாலைச் சந்திப்பில் பேருந்துக்குக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் ஸ்குவாஷ் என்றால் என்னவென்று கேட்டோம். கடையில் பாட்டிலில் விற்கும் பழச்சாறா என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். சிரித்தோம், ஆனால் அவளிடம் குறை இல்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் புதிய விளையாட்டுகளின் பட்டியலில் ஸ்குவாஷ் பல ஆண்டுகளாக இருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒரு விளையாட்டு, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் காதுக்குக்கூட எட்டவில்லை என்றால் அந்தப் பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது?

மயிலம், கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில் ஏதாவது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஸ்குவாஷ் அணி தொடங்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. கேட்டவர்களில் பாதிப் பேர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். 'குடிக்கத் தண்ணி வரல, உங்களுக்கு ஸ்குவாஷ் கேக்குதா?' என்றார் ஒரு பெரியவர். தண்ணீரும் வேண்டும் ஐயா, இதுவும் வேண்டும். ஒன்றைக் கொடுத்த பிறகுதான் இன்னொன்று என்று வரிசையில் நிற்க வைத்தே நம்மை மூன்று தலைமுறை ஓட்டிவிட்டார்கள்.

விளையாட்டு எளிதானதுதான். நான்கு சுவர் கொண்ட ஓர் அறை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர், ஏறக்குறைய 32 அடிக்கு 21 அடி. பள்ளியில் ஒன்றரை வகுப்பறைக்குச் சற்றுக் கூடுதலான இடம். இருவர் உள்ளே நின்று சிறிய ரப்பர் பந்தை முன் சுவரில் மாறி மாறி அடிக்க வேண்டும். தரையில் இரண்டாம் முறை பந்து படுவதற்குள் திருப்பி அடிக்காவிட்டால் புள்ளி போய்விடும். 11 புள்ளி எடுத்தால் ஓர் ஆட்டம், ஐந்தில் மூன்றை வெல்பவருக்கு வெற்றி.

பணக்காரர் விளையாட்டு என்று சொல்லப்படும் இதன் மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? சிறையில். வாங்கிய கடனைக் கட்ட முடியாதவர்களை அடைத்து வைத்த லண்டன் ஃப்ளீட் சிறையில், கைதிகள் பொழுது போகாமல் மதிற்சுவரில் பந்தடித்தார்கள். அந்த ஆட்டம் வெளியே வந்து, 19ஆம் நூற்றாண்டில் ஹாரோ என்ற சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் மெத்தென்ற பந்தோடு ஸ்குவாஷாக மாறியது. பிறகு வெள்ளைக்கார அதிகாரிகளின் பெட்டியோடு கப்பலேறி நம் நாட்டு கிளப்புகளுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டது. கடனாளி கண்டுபிடித்ததை கனவான் தன்னுடையது என்று எழுதிக்கொண்ட கதை நமக்குப் புதிதல்ல.

ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. பெஷாவர் பக்கத்தில் நவாகிலே என்ற சிற்றூரில் பிறந்தவர் ஹாஷிம் கான். அவர் தந்தை ஆங்கிலேய அதிகாரிகளின் கிளப்பில் வேலை பார்த்தார். கூரையில்லாத அந்த ஆடுகளத்தில் துரைமார்கள் மதிலுக்கு வெளியே அடித்துவிட்ட பந்தை ஓடி எடுத்துக் கொடுப்பது சிறுவன் ஹாஷிமின் வேலை. அவர்கள் ஓய்வெடுக்கப் போன நேரத்தில், உடைந்த மட்டையோடு வெறுங்காலில் தனியாக ஆடிப் பழகினார். 1951இல், முப்பதைத் தாண்டிய வயதில், பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். அதன் பிறகு இன்னும் ஆறு முறை. பந்து பொறுக்கியவரின் உறவுக் கூட்டத்திலிருந்து பல பத்தாண்டுகள் உலகச் சாம்பியன்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

இதே கதை கிரிக்கெட்டில் நம் ஆளுக்கும் நடந்தது. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் மைதான வேலைக்குச் சேர்ந்தவர். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படிப்பட்டவருக்குத் தன் அணியிலேயே தேநீர் தனிக் குவளையில், வெளியே வைத்துத் தரப்பட்டது. தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை மறுக்கப்பட்டது. தம்பி விட்டல்தான் 1923இல் இந்துக்கள் அணியின் தலைவரானார். (இதே பாலு 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அது தனியாகப் பேச வேண்டிய கதை.)

பந்து வீசு, பந்து பொறுக்கு, களத்தைப் பெருக்கு, கோடு போடு. இவை நம் பிள்ளைகளுக்கு எப்போதும் கிடைத்த வேலைகள். சென்னை வணிக வளாகங்களில் துடைப்பத்தோடும் காவல் சீருடையோடும் நிற்கும் விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். மட்டை அவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

கபடி போதாதா என்கிறார்கள். கபடி நம் ரத்தத்தில் ஓடுகிறது, யாரும் அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் பனியனின் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். ஊர் அணி, காலனி அணி என்று பிரித்து நிறுத்திவிட்டு, காலனி அணி ஜெயித்தால் இரவில் கல்லெறி. மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நம் பையன்கள் கோப்பையைத் துண்டில் சுற்றி மறைத்து எடுத்துவந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மைதானமும் பெரும்பாலும் ஊர்ப் பக்கமே இருக்கிறது. அவர்கள் ஆடி முடித்து, பொழுது சாய்ந்த பிறகு கிடைக்கிற அரை மணி நேரம்தான் நமக்கு.

ஸ்குவாஷில் ஊரையும் காலனியையும் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே அறைக்குள் போக வேண்டும். கதவு மூடப்படும். ஒரே பந்து, ஒரே சுவர், இருவரின் வியர்வையும் விழும் ஒரே தரை. விலகி நிற்க இடமில்லை. அதைவிட முக்கியம், அந்த விளையாட்டின் ஒரு விதி. பந்தை அடித்தவர் உடனே விலகி, எதிராளி பந்தைப் பார்க்கவும், அதை நோக்கிப் போகவும், மட்டையை வீசவும் வழிவிட வேண்டும். தெரியாமல் குறுக்கே நின்றுவிட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாம். விலக முயற்சியே செய்யாமல் வழியை மறித்து நின்றால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். பொதுப்பாதையில் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் ஊர்களும், பிணம் போக வழி மறிக்கும் ஊர்களும் உள்ள மாவட்டத்தில், வழிவிடாதவன் தோற்பான் என்ற விதியைப் பதினொரு வயதில் ஒரு பிள்ளை உடம்பால் கற்றுக்கொள்வது சின்ன விஷயமா?

சுவர் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதியை உடைக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் சரிந்த சுவர் 17 உயிர்களைக் கொண்டுபோனது. சுவரைப் பிரிப்பதற்கே எழுப்பிப் பழகிய நாட்டில், இருவரை உள்ளே சேர்த்து வைக்க நான்கு சுவர் கட்டுங்கள் என்று கேட்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு மைதானத்தில் பெண்கள் குறைந்துவிடுகிறார்கள். மதிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டமும், அது வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சுமே காரணம். நான்கு சுவருக்குள், ஆசிரியை மேற்பார்வையில் ஆடும் விளையாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு ஸ்குவாஷில் முதல் பதக்கமே தங்கமாகக் கிடைத்தது. வாங்கித் தந்தவர்கள் தீபிகா பள்ளிக்கல், ஜோஷ்னா என்ற இரண்டு சென்னைப் பெண்கள். அணியில் எட்டுப் பேர் என்றால் நான்கு பெண்கள் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

சோறு போடுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. 1998 முதல் ஆசியப் போட்டியில் இருக்கும் ஸ்குவாஷ், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஸ்குவாஷ் ஆடுகிறவர்களைத் தேடிச் சேர்க்கின்றன. நம் வேலவன் படித்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ஓட்டத்திலும் கபடியிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே சான்றிதழுக்கு மோதுகிறார்கள். ஸ்குவாஷ் வழியில் அந்த நெரிசல் இல்லை. நெரிசல் இல்லாத வழி எப்போதும் கிளப் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்திருப்பது தற்செயல் அல்ல.

சண்டிகரில் அட்டாவா என்ற பகுதியில் 2009 முதல் 'கேல்ஷாலா' என்ற அமைப்பு ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்குவாஷ் சொல்லிக் கொடுக்கிறது. தொடங்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த சத்தீந்தர் பாஜ்வா. விளையாட்டோடு பாடமும் அங்கே உண்டு. காலனிகளில் மாலைப் பாடசாலை நடத்திப் பழகிய நமக்கு இந்த முறை கைவந்ததுதான். வீட்டுப்பாடம் முடித்தவருக்கு மட்டை என்றால், பிள்ளைகள் நம்மைத் தேடி வருவார்கள்.

ஆடுகளம் கட்டும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத, பூசிய சுவர் ஒன்றும் அதன் முன்னால் சிமென்ட் தரையும் உள்ள பள்ளி போதும். தரையிலிருந்து 48 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே பந்து பட்டால் தவறு. 15 அடி உயரத்தில் இன்னொரு கோடு. அதற்கு மேலே போனாலும் தவறு. போட்டியில் பயன்படுத்தும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். அது சூடேறாமல் எழும்பாது, பழகாத பிள்ளை பத்து நிமிடத்தில் வெறுத்துவிடும். தொடக்கக்காரர்களுக்கான, நன்றாக எழும்பும் நீலப் புள்ளிப் பந்து கிடைக்கிறது. நான்கைந்து மட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியில் மட்டும் சிக்கனம் கூடாது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைச் சென்னை நேரு பூங்காவில் உள்ள ஸ்குவாஷ் அகாடமிக்குப் பத்து நாள் அனுப்பிப் பழக்கிவர, துறை நினைத்தால் முடியும்.

ஆடுகளத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதி வேறு பக்கம் திரும்பக் கூடாது என்பதற்காக 2024இல் தனிச் சட்டமே நிறைவேற்றப்பட்டது. ஆகவே பணத்தைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படவில்லை. கவலை, இடத்தைப் பற்றியது. பணம் ஒதுக்கியதும் ஊர்ப் பொது இடம், கோயில் திடல், மன்றக் கட்டடம் என்று யாராவது இழுப்பார்கள். அங்கே போனால் சாவி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும். அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்தில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. ஆனால் சாவிக்காக ஒவ்வொரு மாலையும் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளை போக முடியாது. பள்ளி வளாகத்துக்குள்தான் கட்ட வேண்டும். சாவி தலைமை ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். யார், எந்த நேரம் ஆடுவது என்ற அட்டவணை பள்ளி மேலாண்மைக் குழுவின் கையெழுத்தோடு கதவில் ஒட்டப்பட வேண்டும்.

வரும் ஜனவரி 26 கிராம சபைக்கு இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிவைத்திருக்கிறோம். காலனிப் பெற்றோர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அன்றைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வர வேண்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்திருக்காதீர்கள். படித்த பிள்ளைகள் பதிவேட்டை வாங்கி, பள்ளி வளாகம் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.