திண்ணைக்கு ஒப்பாரி போதும்

தமிழில் கட்டுரை எழுத வருகிறவர்கள் ஒருமுறையாவது எழுதிப் பார்த்துவிடும் பொருள்களுள் ஒன்று, இடிபட்ட திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறினார்கள், தாத்தா வெற்றிலை இடித்தார், பாட்டி கதை சொன்னாள், இப்போது கம்பிக்கதவு வந்துவிட்டது, மனிதம் போய்விட்டது. இந்த வரிசை மாறுவதே இல்லை. சிற்றிதழ்களிலும் இணையத்திலும் இவ்வகை எழுத்தைப் படித்துச் சலித்தவன் என்ற முறையில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

முதலாவது, இவர்களுக்குத் திண்ணை எதுவென்றே தெரியவில்லை. முதலாழ்வார்கள் மூவரும் மழையிரவில் ஒதுங்கிய திருக்கோவலூர்க் கதையைத் திண்ணையின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்று கதை சொல்லும் அந்த இடம் இடைகழி. வாசற்கதவுக்கு உள்ளே இருக்கும் ஒடுங்கிய நடை அது. தஞ்சைப் பகுதியில் ரேழி என்பார்கள். திண்ணையோ கதவுக்கு வெளியே இருப்பது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. திண்ணையில் இருக்க விடுவதும் கதவைத் திறந்து உள்ளே விடுவதும் ஒன்றல்ல என்பதை நம் சமூகம் நன்றாகவே அறிந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு இதிலிருந்தே எழுகிறது. அந்தத் திண்ணையிலும் எல்லோரும் அமர்ந்துவிடவில்லை. யார் அமரலாம், யார் படியோரம் நிற்கலாம், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரலாகாது என்பதைச் சாதி தீர்மானித்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் புகழ்கிறவர்கள் அது யார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்படியானால் இடிந்து தொலையட்டுமே என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. பொல்லாங்கு செங்கல்லில் இல்லை. தெருவை நோக்கிக் கூரை நிழலில் அமைந்த ஓர் இருக்கை இன்று கீரை விற்கும் பெண்மணிக்கும் நடந்து களைத்த முதியவருக்கும் தேவைப்படுகிறது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் உட்கார வரும் காலத்தில் இருக்கையையே அகற்றிவிடுவது எந்த வகைச் சமத்துவம்?

மூன்றாவது மறுப்பே முதன்மையானது. இவர்கள் திண்ணையின் சாவுக்கு அழுகிறார்கள். அது எதனால் செத்தது என்று பார்ப்பதில்லை. நகர நாகரிகம், தொலைக்காட்சி, தன்னலம் என்று பெரிய பெரிய காரணங்களை அடுக்குகிறார்கள். பல வீடுகளில் உண்மையான கொலையாளி ஒரு மூட்டை சிமெண்டு.

காரைக்கட்டு வீடுகள் கட்டப்பட்ட விதத்தை எண்ணிப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் நீரை உறிஞ்சும், பின் வெளியே விடும். பழைய சுவர்களில் தரையின் ஈரத்தைத் தடுக்கத் தனித் தளவரிசை பெரும்பாலும் கிடையாது. ஈரம் சுவரில் ஏறும்; சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்துவிடும். திண்ணையும் அப்படித்தான்: ஓரங்களில் செங்கல், உள்ளே மண் நிரப்பு, மேலே காரைத்தளம், மழைநீர் வழிந்தோடத் தெருப்பக்கம் மெல்லிய சரிவு. கறையான் ஏறாமலும் அடி நனையாமலும் இருக்க மரத்தூணுக்குக் கீழே ஒரு கல்.

இந்தத் தளத்தில் விரிசல் கண்டதும் சிமெண்டைக் குழைத்துப் பூசுகிறோம். வசதியிருந்தால் கிரானைட் பதிக்கிறோம். மேலே போக வழியற்ற ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறுகிறது. உப்புப் பூக்கிறது, செங்கல் மாவாக உதிர்கிறது. தூணின் அடியைச் சிமெண்டில் புதைத்தால் அங்கே தேங்கும் நீரில் மரம் இற்றுப்போகிறது. என் உறவினர் வீட்டுத் திண்ணையைப் புதுப்பித்த ஒப்பந்தக்காரர், இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்றார். நான்கு மழைக்காலம் கழிந்ததும் முகப்புச் சுவர் இடுப்பளவுக்கு உரிந்து நின்றது. அதே ஒப்பந்தக்காரர் வந்து பார்த்து, பழைய வீடு, இடித்துவிடுவதே நல்லது என்று தீர்ப்பளித்தார். நோயைத் தந்தவரே சாவுச் சான்றிதழும் எழுதினார்.

இன்னொரு கொலையாளி சாலை. பழைய தளத்தின் மேலேயே புதுத்தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, திண்ணை தாழ்ந்தது, மழைநீர் வீட்டுக்குள் வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் அமைக்க வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்த வேண்டியிருந்தது. திண்ணை பற்றிக் கண்ணீர் வடித்த கட்டுரைகளில் எத்தனை இதைப் பேசின?

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் ஏது, செலவு யாருடையது என்பார்கள். காரை இறுகுவது மெதுவாகத்தான். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆனால் புதுச்சேரியிலும் செட்டிநாட்டிலும் அவ்வேலை அறிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுச்சேரி வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகள் மீட்கப்பட்டன. அந்தப் பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஆள் இல்லாததால் வேலை நின்றது என்பது பாதி உண்மை. வேலை கொடுக்காததால் ஆள் குறைந்தார்கள் என்பது மறுபாதி.

எல்லாத் திண்ணையையும் காப்பாற்றிவிட முடியாது. மண் நிரப்பு உள்வாங்கி ஓரச்சுவர் பிளந்திருந்தால் இடித்தே கட்ட வேண்டும். கட்டும்போது வீடு எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் கட்டுங்கள் என்பதுதான் என் வாதம். ஏட்டில் பிழை கண்டால் சுவடியின் மீது வண்ணம் பூசி மறைப்பதில்லை. மூலத்துக்கு இயைந்த பாடத்தைத் தேடுகிறோம். பதிப்பில் நமக்குள்ள இந்த ஒழுக்கம் வீட்டு வாசலில் மட்டும் ஏன் காணாமற்போகிறது?

ஆகவே நண்பர்களே, திண்ணை பற்றி அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன் உங்கள் ஊர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சுவரின் அடியை விரலால் சுரண்டிப் பாருங்கள். உதிர்ந்தால், எழுத்தாளரைத் தேடாதீர்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கட்டி முடித்த பின் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும்.