போர்க்காட்சி வேண்டாம், பேர்க்கல் வைப்போம்

இந்த ஆகஸ்ட் 15-க்கு எங்க ஊர் பள்ளிக்கூட மைதானத்துல கார்கில் சண்டையை நடிச்சுக் காட்டப்போறதா பசங்க முடிவு பண்ணியிருக்காங்க. மரத்துப்பாக்கி, வாடகைக்கு மிலிட்டரி உடுப்பு, யூரியா சாக்குல மணல் மூட்டை, சத்தத்துக்கு அணுகுண்டு வெடி. நன்கொடை நோட்டு என்கிட்டயும் வந்தது. பணம் தர்றேன், ஆனா சண்டைக்குத் தரமாட்டேன்னு சொன்னேன். "ஏன் மாமா, நாட்டுப்பற்று இல்லையா?"ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. நடவு முடிந்து ரெண்டு நாள் ஓய்வு இருக்கிறது, பொறுமையாகவே எழுதுகிறேன்.

பழைய போரை உடுப்புப் போட்டு நடித்துக் காட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளில் இதை ஒரு பெரிய பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அந்தக் காலத்துத் துணி, அந்தக் காலத்துத் தையல், ஆணி அடித்த பூட்ஸ், அடுப்பு, கூடாரம் என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துச் செய்வார்கள். அந்த வீடியோக்களை நான் விரும்பிப் பார்ப்பேன். பீரங்கி வண்டிக்கு ஆறு குதிரையைச் சோடி சோடியாகப் பூட்டி ஓட்டுவதைப் பாருங்கள். ரெண்டு மாட்டை நேர் சாலில் ஓட்டுவதற்குள்ளேயே நமக்கு நாக்குத் தள்ளுது! சிப்பாய் என்ன தின்றான், எவ்வளவு சுமந்தான், எங்கே தூங்கினான் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால் அது படிப்புதான். எனக்கு ஒப்பாதது அதற்கு அடுத்த கட்டம். சுடுவது, விழுவது, கைதட்டு வாங்குவது.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு ஊர். அவர்களுடைய உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் சண்டை. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து ரெண்டு பக்கமும் சுமார் 51,000 பேர். அந்தச் சண்டையை நடித்துக் காட்டுவது அங்கே பெரிய கூட்டம் கூடும் நிகழ்ச்சி. ஆனால் ரத்தம் சிந்திய அந்த நிலத்தில் அதை நடத்த முடியாது. அந்த நாட்டுத் தேசியப் பூங்காத் துறை, தன் பொறுப்பில் இருக்கிற இடங்களில் ரெண்டு தரப்பு எதிரெதிரே நின்று சுட்டு, செத்து விழுகிற மாதிரி நடிக்கத் தடை வைத்திருக்கிறது. உடுப்புப் போடலாம், கூடாரம் அடிக்கலாம், துப்பாக்கியை எப்படிக் கெட்டித்தார்கள் என்று காட்டலாம். சாவை நடிக்கக் கூடாது. அதனால் சண்டைக்காட்சிகளைப் பக்கத்துத் தனியார் பண்ணை நிலங்களில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தடை எனக்குப் பிடித்திருக்கிறது.

போர் நடந்த நிலத்தில் விவசாயம் பார்க்கிறவன் கதை வேற. பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரைச் சுற்றி முதல் உலகப் போரில் நாலு வருஷம் குண்டு மழை. வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகள் நூறு வருஷம் கழித்தும் உழவில் மேலே வருகின்றன. 'இரும்பு அறுவடை' என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். விவசாயி அதை எடுத்து வரப்போரமாக வைத்துவிடுவார், ராணுவ வண்டி வந்து அள்ளிப் போகும். நமக்கு உழவில் கல்லு வர்ற மாதிரி அவங்களுக்குக் குண்டு. 2014-இல் அதே ஈப்பரில் பழைய குண்டு ஒன்று வெடித்து, கட்டட வேலை பார்த்த ரெண்டு பேர் செத்துப்போனார்கள். 1918-இல் முடிந்த போர், ஆனா அந்த மண்ணு இன்னும் முடிக்கல.

நம்ம கார்கிலுக்கு வருவோம். 1999 மே கடைசியில் படாலிக் பகுதி மலையில் செத்தவர் மேஜர் சரவணன். திருச்சிக்காரர், பீகார் ரெஜிமெண்ட். அவர் உடலை உடனே மீட்க முடியவில்லை. ஜூலை மாதம்தான் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பனியில் கிடந்தது உடல், இங்கே வீட்டில் காத்திருந்தார்கள். இதை எப்படிப்பா மைதானத்துல நடிப்பீங்க? விழுந்த பையன் ரெண்டு நிமிஷத்துல எழுந்து, முட்டியில மண்ணைத் தட்டிக்கிட்டு, ஐஸ் வாங்கப் போவான். அதைப் பார்க்கிற சின்னப் பிள்ளைக்குப் போர்னா அவ்வளவுதான்னு ஆயிடும்.

இன்னொரு விஷயம், எதிரி வேஷம் யாருக்கு? நான் விசாரித்தேன். ஒருத்தனும் முன்வரவில்லையாம். மாட்டேன்னு சொல்ல முடியாத நாலு சின்னப் பசங்க தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்தத் தெருப் பசங்க என்று நான் எழுதவில்லை, ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காட்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டப்பேர் பள்ளிக்கூடம் முடிகிற வரை போகாது.

நம்ம பக்கத்துக்குப் போரை நடிப்பது புதுசும் இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படித்து, ராத்திரி கூத்துக் கட்டி, கடைசியில் படுகளம். ஆளை விடப் பல மடங்கு பெரிசாக மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்து, கூத்துக்காரர்கள் அதன் மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான், அம்மன் கூந்தல் முடிவாள். ஆனால் துரியோதனன் விழுந்ததும் அங்கே ஒப்பாரி வைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? கெட்டவன்தான், தோற்றவன்தான். ஆனாலும் செத்தவன். அழ ஆள் வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். பசங்க போட்ட திட்டத்தில் பாட்டு இருக்கு, டான்ஸ் இருக்கு, அழுகைக்கு இடமே இல்லை.

சரி, உடுப்புப் போட்டே தீரணும்னா, இங்கிலாந்தில் 2016 ஜூலை 1 அன்று செய்ததைப் பாருங்கள். 1916-இல் அதே தேதியில் பிரான்சில் சோம் சண்டை தொடங்கியது. முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் சாவு. நூறு வருஷம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், சுமார் 1,400 தன்னார்வலர்கள் அந்தக் காலத்துச் சிப்பாய் உடுப்பில் ரயில் நிலையம், கடைத்தெரு என்று நாடு முழுக்க வந்து நின்றார்கள். ஜெரமி டெல்லர் என்ற கலைஞரின் யோசனை. சண்டை இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. யாராவது பக்கத்தில் வந்து 'யாருப்பா நீ?' என்று கேட்டால் ஒரு சீட்டை நீட்டுவார்கள். அன்றைக்குச் செத்த ஒரு சிப்பாயின் பேர் அதில் இருக்கும். அவ்வளவுதான். சீட்டை வாங்கியவர்கள் அழுதார்களாம். எனக்குப் படிக்கும்போதே தொண்டை அடைத்தது.

அந்தப் பேர்தான் நமக்கு முக்கியம். வெள்ளைக்காரன் காலத்தில் முதல் உலகப் போருக்கு ஆள் போன ஊர்கள் பலவற்றில் சலவைக்கல் பதித்திருக்கிறான். தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். மூட்டைக் கணக்கு எழுதின மாதிரி. இராக்கில் பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு அதே கதை. அதிகாரிகளுக்குப் பேர், மற்றவர்களுக்கு எண்ணிக்கை. போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து போய்ச் செத்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், எந்தக் கல்லிலும் பேர் இல்லை என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நாம அப்படிப்பட்ட ஊரா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகல்லுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயது. மாடு கவரும் சண்டையில் செத்தவன் பேரும் ஊரும் அதில் இருக்கின்றன. எங்க திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லு இன்னும் ஒரு படி மேல. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள், கள்ளர் ரெண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றதற்காக! நாய்க்குப் பேர் வெட்டின நாடு இது. எங்க ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பேர் ஒரு நோட்டில்கூட இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். உடுப்பு வாடகைக்கும் வெடிக்கும் ஒதுக்கின பணத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி ஒரு கருங்கல் நடலாம். ஊரில் பட்டாளத்துக்குப் போன எல்லார் பேரும் அதில் வரணும், திரும்பி வராதவங்க பேர் மேல. ஜவான் மட்டுமில்லை, சமையலுக்கும் கோவேறு கழுதை ஓட்டவும் போனவங்களையும் விடக்கூடாது. கல்தச்சரிடம் கேட்டேன், எழுத்துக் கணக்குப் பார்த்துத்தான் கூலியாம். பேர் கூடினால் செலவு கூடும், அது என் பங்கு. பசங்க இப்போதிலிருந்தே வீடு வீடாகப் போய், பரண் மேல் இருக்கிற டிரங்குப் பெட்டி, பென்ஷன் புத்தகம், பழைய மெடல் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

மேலத் தெருவில் 'பர்மாக்காரர் வீடு' என்று ஒன்று இருக்கிறது. போனவர் திரும்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பேர் கேட்டால் பட்டாவில் இருக்கிற பேரன் பேரைத்தான் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. முதலில் அவங்ககிட்டதான் போகணும். காலையில பத்து மணிக்குள்ள போங்க, அதுக்கப்புறம் பேச்சுத் தெளிவா வராது.