குளிர்கால மலையேற்றமும் ஆடைத் தேர்வும்

குளிர்காலத்தில் பனியளவு காணவும் நில அளவை செய்யவும் இமயமலைக்குச் செல்லும் ஊழியர்களுக்கு எழுதப்பெறும் அறிவுரைகளில், ‘வெப்பம் தரும் கனத்த ஆடை அணிக’ என்னும் தொடரை அடிக்கடி காண்கிறோம். மொழிபெயர்ப்பாளனாகிய நானும் அதனைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அத்தொடர் இரு வகையில் பிழையானது என்பதே என் கருத்து.

முதலாவது, எந்த ஆடையும் வெப்பத்தைத் தருவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடல். இழைகளுக்கிடையே சிறைப்பட்ட அசைவற்ற காற்று அதனை வெளியேறாது காக்கிறது. ஆகவே, கனத்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் பலவற்றை அடுக்காக அணிவதே மேல். 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர் வாத்தின் மென்தூவி நிரப்பிய கோட்டை அணிந்து சென்றார். எடை குறைந்த அக்கோட்டு குளிரைத் தாங்கியதற்குக் காரணம், தூவியினிடையே தங்கிய காற்றேயாகும்.

இரண்டாவது, மலையில் குளிருக்குத் துணைபோகும் பகை வியர்வை. ஏறும்போது கனத்த ஆடைக்குள் உடல் வியர்க்கிறது. இளைப்பாற நின்றதும் அந்த ஈரமே உடல் வெப்பத்தைக் கவர்கிறது. அசைவற்ற காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். சமவெளியில் நமக்கு உற்ற துணையான பருத்திப் பனியன், அங்கே ஈரத்தை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

எனவே, உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றிற்கும் மேலே காற்றும் பனியும் புகாத அங்கி என்னும் முறையே தக்கது. வியர்க்குமுன் ஓர் அடுக்கைக் களைக. நின்றவுடன் மீண்டும் அணிக. காலுறைகளைப் பலவாக அணிந்து பூட்ஸை இறுக்குதல் கூடாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் விரல்கள் மரத்துச் சிதைய நேரும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரே அளவு வெந்நீர் நிரப்பிய இரு புட்டிகளில் ஒன்றை உலர்ந்த பருத்தித் துணியாலும், மற்றொன்றை நனைத்த பருத்தித் துணியாலும் சுற்றி, கால் மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பார்க்கச் செய்க. ஈரத்துணி சுற்றிய புட்டியே மிகுதியாகக் குளிர்ந்திருக்கும்.

இனி நம் ஏடுகளில், ‘உலர்ந்த ஆடைகளை அடுக்காக அணிக’ என்று எழுதுவோமாக. அலுவலகத்தில் இருந்து நாம் எழுதும் ஒரு சொல்லால், மலையில் பணிபுரியும் ஊழியர் துன்புற நேரலாகாது.